1930 மெட்ராஸில் ஒரு கொலை: துப்பறியும் பெண்ணை வைத்து பீரியட் தொடர் எழுத வருகிறவர்களுக்கு

வெப் சீரிஸ் எழுத ஆசைப்பட்டு என்னிடம் ஸ்கிரிப்டைக் கொடுக்கிற பிள்ளைகளில் வருஷத்துக்கு நாலு பேராவது இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: "மெட்ராஸ், 1920கள். மழை இரவு. பங்களா வாசலில் கார் வந்து நிற்கிறது. குட்டை முடி வைத்த பெண் இறங்குகிறாள். கையில் சிகரெட்." அந்தப் பெண் எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று எனக்குத் தெரியும். மெல்போர்னிலிருந்து. ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2012 முதல் 2015 வரை வந்த 'மிஸ் ஃபிஷர்ஸ் மர்டர் மிஸ்டரீஸ்' தொடரின் ஃப்ரைனி ஃபிஷர். மூன்று சீசன், 34 எபிசோடு. எனக்கும் பிடித்த தொடர்தான், இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பார்த்ததில் தப்பே இல்லை. அவள் தொப்பியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து மயிலாப்பூர்க்காரி தலையில் வைப்பதுதான் தப்பு.

எந்த பீரியட் ஸ்கிரிப்டுக்கும் நான் வைக்கிற பரிசோதனை ஒன்றுதான். கதையை அப்படியே தூக்கி இந்த வருஷத்தில் வையுங்கள். ஜட்காவுக்குப் பதில் ஆட்டோ, தந்திக்குப் பதில் வாட்ஸப். கொலையும் காரணமும் கண்டுபிடித்த விதமும் அப்போதும் ஆடாமல் நின்றால், உங்கள் பீரியட் வாடகைக்கு எடுத்த துணி. காலத்தை உருவினால் கொலையே கலைந்துபோக வேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் அதற்காகத்தான். விளக்குவதற்கு ஒரு கதையைக் கூடவே கட்டிக்கொண்டு போகிறேன்.

முதல் படி: வருஷம் போதாது, தேதி வேண்டும்

"1920கள்" என்று எழுதுவது "எங்கேயோ ஒரு ஊரில்" என்று எழுதுவது மாதிரி. ஒரு தேதியைப் பிடியுங்கள். அந்தத் தேதியே உங்களுக்குக் கதை சொல்லும்.

உதாரணமாக 1906 ஜனவரி. அந்த மாதம்தான் இந்திய நேரம் என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை இந்த ஊருக்கு மெட்ராஸ் டைம் என்று தனிக் கணக்கு. இரண்டுக்கும் ஏறக்குறைய 9 நிமிஷ வித்தியாசம். பிடிவாதமாகப் பழைய நேரத்திலேயே ஓடுகிற கடிகாரம் ஒரு வீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். "எட்டு மணிக்கு நான் இங்கேதான் இருந்தேன்" என்கிற சாட்சியம் பொய் இல்லாமலே பொய்யாகிவிடும். அல்லது 1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மன்காரர்களின் எம்டன் கப்பல் குண்டு போட்டு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன, ஊர் மூட்டை கட்டுகிறது. அன்றைக்குக் காணாமல் போன ஒருவனை யார் தேடுவார்கள்?

நாம் எடுத்துக்கொள்ளப் போவது 1930 மார்ச் 20, வியாழக்கிழமை. ஏன் என்று அடுத்த படியில் தெரியும். காந்தி தண்டியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார். மெட்ராஸ் போலீசுக்குக் கதர் கட்டியவர்களைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. ஒரு வீட்டுக் கிழவர் தூக்கத்தில் போய்ச்சேர்ந்ததைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. இந்த ஒரு வரியிலேயே உங்கள் நாயகிக்கு வேலை கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: கொலைகாரரிடமிருந்து பின்னால் நடங்கள்

புதியவர்கள் பிணத்திலிருந்து தொடங்கி, ஆறாவது எபிசோடில் யார்மேல் பழி போடலாம் என்று யோசிக்கிறார்கள். பிணம் பார்வையாளருக்குத்தான் முதலில் வரும். எழுதுகிறவருக்கு முதலில் வரவேண்டியது காரணம். பணம், கள்ளக்காதல், சொத்து மூன்றும் எல்லாக் காலத்துக்கும் பொது. அவற்றைப் பொய்த் தடயங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். உண்மையான காரணம் அந்தத் தேதிக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

1929இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 வயதுக்குள் கல்யாணம் செய்துவைத்தால் தண்டனை. அமலுக்கு வந்த நாள் 1930 ஏப்ரல் 1. இடைப்பட்ட மாதங்களில் நாடு முழுக்க அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன. இனி நம் கதை. மயிலாப்பூரில் ஒரு பெரிய வீடு. ஒன்பது வயதுப் பேத்திக்கு மார்ச் கடைசி வாரத்தில் முகூர்த்தம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. வீட்டின் மூத்தவரான தாத்தா மார்ச் 20 விடிகாலையில் இறந்து கிடக்கிறார்.

இப்போது விரலை மடக்குங்கள். இறந்த நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால் பதின்மூன்றாம் நாள், துக்கத்தை முடித்துவைக்கிற சுபஸ்வீகாரச் சடங்கு, சரியாக ஏப்ரல் 1. அதுவரை அந்த வீட்டில் மேளம் ஒலிக்காது. தீட்டு கழிகிற அன்றே சட்டம் வந்துவிடுகிறது. யாரோ ஒருவர் அந்தக் கல்யாணத்தை நிறுத்துவதற்காகத் தீட்டையே ஆயுதமாக எடுத்திருக்கிறார்.

யார்? அந்த வீட்டிலேயே ஏழு வயதில் கல்யாணமாகி, பத்து வயதில் தாலியறுத்து, தலைமுடி எடுத்து, நார்மடிப் புடவையோடு இருபத்தைந்து வருஷமாகச் சமையல்கட்டில் இருக்கும் அத்தை. செத்தவர் அவளுடைய அப்பா. அவளை ஏழு வயதில் மணையில் உட்கார்த்தியவரும் அவரே.

இந்தக் கதையை இந்த வருஷத்துக்கு நகர்த்த முடியுமா, பாருங்கள். முடியாது.

இங்கே ஒரு புத்திசாலி மாணவி கேட்டாள்: "சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத்தானே சார், பாண்டிச்சேரி போய்க் கட்டிவைத்தால்?" கேள்வி சரி. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். ஓட்டையை மூடாதீர்கள், நாலாவது எபிசோடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் ஸ்டேஷனில் பெண்ணின் அப்பா விழுப்புரம் வழியாகப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டு நிற்கிறார். அத்தை செய்த கொலை வீணாகப் போகிறது. உங்கள் துப்பறியும் பெண் இப்போது கொலைகாரியைப் பிடிக்க ஓடுவாளா, ரயிலை நிறுத்த ஓடுவாளா?

மூன்றாம் படி: அவளுக்கு அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது

ஃப்ரைனி ஃபிஷர் ஏன் யாருக்கும் பயப்படுவதில்லை? மெல்போர்னின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள். முதல் உலகப் போரில் வாரிசுகள் செத்துப்போனதால் அவள் அப்பாவுக்குப் பட்டமும் சொத்தும் வந்தது. போர்முனையில் வேலை பார்த்தவள் என்பதால் பிணம் பார்த்துக் கை நடுங்காது. அந்த ஊரின் சரித்திரம் கொடுத்த துணிச்சல் அது, அங்கேயே இருக்கட்டும். நம் ஊர்ப் பெண்ணுக்கு அதை வேறிடத்தில் தேட வேண்டும்.

1930 மெட்ராஸில் தனியாக வெளியே போய், ஆண்களிடம் கேள்வி கேட்டு, ராத்திரி வீடு திரும்பக்கூடிய பெண் யார்? நினைப்பதைவிட நிறையப் பேர். பீச்சில் 1914இல் தொடங்கிய குவீன் மேரீஸ் கல்லூரியின் உபாத்தியாயினி. 1923இல் சட்டம் வழிவிட்ட பிறகு வக்கீலின் கறுப்பு கவுன் மாட்டத் துணிந்தவள். வேப்பேரி ஆங்கிலோ இந்தியப் பெண், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர் ரகசியம் முழுவதும் காதில் விழுகிற வேலை. இசைவேளாளர் வீட்டில் சொந்த வீடும் சொந்தக் கணக்குப் புத்தகமுமாக வாழ்ந்தவள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இலேயே மருத்துவப் பட்டம் வாங்கியவர், 1927இல் சட்டசபைக்கும் போனார். அவரையே நாயகியாக்கிவிடாதீர்கள். நிஜ மனிதரைக் கற்பனைக் கொலையில் இழுத்துவிட்டால் இரண்டுக்கும் மரியாதை போய்விடும். அப்படி ஒருவர் உலவிய ஊர் இது என்பது போதும்.

நான் டாக்டரை எடுப்பேன். 1885இல் தொடங்கிப் பிறகு திருவல்லிக்கேணிக்கு வந்த கோஷா ஆஸ்பத்திரி (இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி) ஆண்கள் கண்ணில் படக்கூடாத பெண்களுக்காகவே வந்தது. அங்கே வேலை பார்க்கிற டாக்டர் எஸ்தர், வயது முப்பத்திரண்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவளுக்கு ஒரே ஒரு சாவி இருக்கிறது: போலீஸ்காரன் திண்ணையோடு நின்றுவிடுகிற வீடுகளில் இவள் உள்கட்டுவரை போவாள். பெண்ணாக இருப்பது அவளுக்குத் தடை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். வழக்கைத் திறக்கிற சாவியும் அதுவாக இருக்கட்டும்.

ஆனால் எந்தச் சாவிக்கும் திறக்காத ஒரு அறை வேண்டும், இல்லாவிட்டால் கதை இல்லை.

நான்காம் படி: நம் ஊர்ப் பூட்டிய அறை

ஆங்கில மர்மக் கதைகளில் பனி கொட்டி வழி அடைபடும், அல்லது அறை உள்ளே தாழிட்டிருக்கும். மயிலாப்பூரில் பனி பெய்யாது. அதைவிடக் கெட்டியான பூட்டு ஒன்று நம்மிடம் இருந்தது: மடி சமையல்கட்டு. குளித்து மடித்துணி கட்டாத யாரும் அதற்குள் போக முடியாது, வீட்டு ஆண்பிள்ளைகள் உட்பட. தாத்தா மடியில் சமைத்ததைத் தவிர எதையும் தொடமாட்டார். அரளி விஷம் சாப்பாட்டில் போயிருக்கிறது என்றால், வெளியிலிருந்து வந்த கை அது இல்லை. மருமகள், சமையல் செய்கிற பரிசாரகர், அத்தை. மூன்றே பேர்.

இன்ஸ்பெக்டர் உள்ளே போக முடியாது, எஸ்தருக்கும் அதே கதி. போகக்கூடிய ஒரே ஆள் கல்யாணப் பெண். பட்டுப் பாவாடைக்குத் தீட்டு இல்லை. ஒன்பது வயசு, கண்ணில் எதுவும் தப்பாது, நாக்கு அதைவிடக் கூர்மை. துப்பறிகிறவருக்குத் துணையாள் வேண்டுமே என்று கார் டிரைவர் ஒருவனைப் போட்டு நிரப்புகிறீர்களே, அந்த இடத்தை இவளுக்குக் கொடுங்கள். எஸ்தர் முற்றத்தில் உட்கார்ந்து கேட்பாள், குழந்தை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். தன்னைக் காப்பாற்றுவதற்காகக் கொன்ற அத்தையை, தெரியாமலே அந்தக் குழந்தையே காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் படி: தடயம் அழகாக வந்து உட்காரட்டும்

பார்வையாளரிடம் எதையும் மறைக்கக்கூடாது, எல்லாத் தடயமும் அவர்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். பீரியட் தொடர் எழுதுகிறவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பழைய பொருளைக் காட்டினால் எல்லாரும் ஆர்ட் டைரக்டரைப் பாராட்டுவார்கள், யாரும் அதைச் சந்தேகப்படமாட்டார்கள்.

முதல் எபிசோடின் மூன்றாவது நிமிஷம். அத்தையும் குழந்தையும் பல்லாங்குழி ஆடுகிறார்கள். அத்தை ஆட்டத்தை மறந்து சோழிகளை வரிசையாகத் தரையில் வைக்கிறாள். குழந்தை எண்ணிப் பார்த்து, "பதிமூணு, அத்தே. ஒரு குழிக்கு இத்தனை வராதே" என்கிறது. அத்தை சிரித்துவிட்டுக் கலைத்துவிடுகிறாள். காட்சி அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் பல்லாங்குழிப் பலகையின் மரவேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழவர் இன்னும் சாகவில்லை. ஐந்தாவது எபிசோடில் எஸ்தர் பஞ்சாங்கத்தைப் புரட்டும்போது குழந்தை அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும்.

இப்படி மூன்று தடயம் போதும். ஏழு வைத்தால் உங்களுக்கே நினைவிருக்காது.

ஆறாம் படி: பிணம் எரிவதற்குள்

காலையில் செத்தவரை வெயில் ஏறுவதற்குள் கிருஷ்ணாம்பேட்டைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எரித்துவிட்டால் அரளியும் இல்லை, வழக்கும் இல்லை. மயக்கம்போட்ட மருமகளைப் பார்க்க வந்த எஸ்தருக்கு, கிழவர் ராத்திரி வாந்தியெடுத்ததும் நாடி தாறுமாறாக ஓடியதும் பேச்சுவாக்கில் காதில் விழுகிறது. பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு இருப்பது இரண்டு மணி நேரம். பல்லாங்குழி சீன் போக, பைலட், அதாவது முதல் எபிசோடு, முழுவதும் இந்த இரண்டு மணி நேரம்தான் என்றாலும் எனக்குச் சம்மதம்.

நடைமுறையில் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விஷத்தைச் சோதிக்க மெட்ராஸில் 1849இலிருந்தே கெமிக்கல் எக்ஸாமினர் உண்டு, ஆகவே "லண்டனுக்கு அனுப்பி முடிவு வந்தது" என்று எழுத வேண்டியதில்லை. ஹைகோர்ட் செஷன்ஸில் கொலை வழக்கை ஜூரிகள் கேட்டார்கள். கடைசி எபிசோடில் அத்தையின் தலையெழுத்து நீதிபதி கையில் மட்டும் இல்லை. இந்த ஊரின் நிஜ வழக்குகளைப் படித்தால் கை பழகும். 1944இன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு ஜூரி முன்னால் நடந்து, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பியது. 1952இன் ஆளவந்தார் வழக்கில் ரயில் பெட்டிக்குள் டிரங்கில் கிடந்த தலையில்லாத உடலை அடையாளம் காட்டியதில் தடயவியலுக்குப் பெரும்பங்கு. இரண்டுமே நம் கதைக்குப் பிந்தியவை, ஆகவே பாத்திரங்கள் யாரும் அவற்றைப் பற்றிப் பேசிவிடக்கூடாது!

ஏழாம் படி: நக்கல்

'விட்டி' நாயகி, அதாவது சாதுரியமாகப் பேசுகிறவள், வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். புதியவர்கள் உடனே பஞ்ச் டயலாக் எழுதுவார்கள். பஞ்ச் டயலாக் பேசுகிறவன் தன் பலத்தைக் காட்டுகிறான். பலம் இல்லாத இடத்தில் மரியாதை குறையாமல் ஊசி குத்துவதுதான் நம் பெண்களின் நக்கல். அதற்குப் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள், சினிமாவைப் பார்க்காதீர்கள்.

"டாக்டரம்மா, இது போலீஸ் வேலை. நீங்க சிரமப்பட வேண்டாம்."

"எனக்கென்ன ஸார் சிரமம்? உள்ளே ஆறு பொம்பிளைங்க இருக்காங்க. நீங்களே போய் விசாரிச்சுட்டு வாங்க. நான் உங்க தொப்பியைப் பாத்துக்கிட்டுத் திண்ணையில உக்காந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜுலு உள்ளே போகமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். 'ஸார்' என்ற மரியாதை கடைசிவரை குறையவில்லை, அதில்தான் குத்து. இன்னொன்று: வாசலில் வழிமறிக்கிற பெரியவர், "நீங்க எந்த ஜாதி?" என்கிறார். "நாடி பிடிக்கிற ஜாதிங்க ஐயா. கையைக் குடுங்க." அதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் பிரசங்கம் ஆகிவிடும், அங்கேயே வெட்டுங்கள்.

பேச்சு மொழியைத் தெருவுக்குத் தெரு மாற்றுங்கள். மயிலாப்பூர் வீட்டில் ஒன்று, ராயபுரத்தில் ஒன்று, ஜார்ஜ் டவுன் கடையில் தெலுங்கு கலந்து ஒன்று. எஸ்தர் வாயில் திருநெல்வேலி எட்டிப் பார்க்கலாம், கோபம் வரும்போது மட்டும். "டென்ஷன் ஆகாதீங்க", "ஓகேவா?" இரண்டும் 1930இல் வாயிலிருந்து வந்தால் உங்கள் செட், துணி, கார் அத்தனையும் அந்த நொடியில் செத்துப்போகும்.

எட்டாம் படி: துணி, இடம், சில்லறை

மெல்போர்ன் தொடரில் தொப்பியும் கோட்டும் பேசின. எஸ்தருக்கு நான் கொடுப்பது கயிறு கட்டுகிற பூட்ஸ். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதை அவிழ்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த நிமிஷத்தில் வாசலில் கிடக்கிற செருப்புகளை எண்ணி, வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்துகொள்வாள். பஃப் கை வைத்த ஜாக்கெட், புடவையில் ஒரு புரூச், குடை. பூட்ஸைவிட ஸ்டைலாக எதையும் நான் யோசிக்கவில்லை. மாமிகளுக்குப் பதினெட்டு முழம், அதைக் கட்டத் தெரிந்த ஒரு பெண்ணைச் செட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் பார்த்துக் கட்டிவிட்டால் உட்காரும்போது தெரிந்துவிடும்.

வெளிப்புறக் காட்சிக்கு ஆசைப்படாதீர்கள். மூர் மார்க்கெட் 1985 தீயில் போய்விட்டது. டிராம் 1895இல் ஓட ஆரம்பித்து 1953இல் நின்றது, காட்ட வண்டி இல்லை. டிராம் மணிச் சத்தத்தை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள், போதும். ராத்திரிக் காட்சியில் ஹைகோர்ட் கோபுரத்துக் கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுவரில் வந்து போகட்டும், அது 1977வரை எரிந்தது. உள்ளே நடக்கிற காட்சிகளுக்குக் காரைக்குடி வீடுகள் இருக்கின்றன. தூண்களைச் சுற்றிக் கேமராவைச் சுழற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மயிலாப்பூர் வீட்டு முற்றம் அதைவிடச் சின்னது. முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் ஒரு நாள் நடந்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: அண்ணா சாலை மவுண்ட் ரோடு. என்.எஸ்.சி. போஸ் ரோடு சைனா பஜார். ராதாகிருஷ்ணன் சாலை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. தூரம் மைலில், காசு அணாவில், ரூபாய்க்கு 16 அணா. தி.நகர் அப்போதுதான் ஏரி நிலத்தின்மேல் எழும்பிக்கொண்டிருந்தது, அங்கே கூட்டம் காட்டாதீர்கள். கள்ளுக்கடை சட்டப்படி திறந்திருந்தது, ஒளிந்து குடிக்க வேண்டியதில்லை. இந்தியப் பேசும் படம் 1931இல்தான், அதற்கு முன் நம் படங்களில் யாரும் பேசமாட்டார்கள், பாடமாட்டார்கள்.

ரயில் விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். பல வருஷம் முன்னால் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிய தொடரில், 1928இல் என் நாயகி மாம்பலத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறித் தாம்பரம் போனாள். ஒளிபரப்பான மறுநாள் ரிட்டயர்டு ரயில்வே பெரியவர் ஒருவர் போன் செய்தார். திட்டவில்லை. "தம்பி, 1931க்கு முன்னாடி அந்த வண்டி உங்களுக்கு எங்கே கிடைச்சது? எனக்கும் காட்டுங்க" என்றார். அன்றிலிருந்து தேதிப் பட்டியல் போடாமல் நான் ஒரு சீன்கூட எழுதுவதில்லை.

அந்தப் பட்டியலுக்கு எங்கே போவது? தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல்களும் இருக்கின்றன. கட்டுரைகளைவிட விளம்பரங்களைப் பாருங்கள். சோப்பு, டானிக், மாப்பிள்ளை தேவை. ஒரு வீட்டில் என்ன இருந்தது, அது என்ன விலை என்று அதில்தான் தெரியும். அரசு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். பக்கத்திலேயே பழைய கமிஷனர் ஆபீஸ் இப்போது போலீஸ் அருங்காட்சியகம். இன்ஸ்பெக்டரின் யூனிஃபார்முக்கு பட்டன் எத்தனை என்று நெட்டில் தேடுவதைவிட பஸ் ஏறிப் போய்விடுவது சீக்கிரம்.

அனுப்புவதற்கு முன்

பைலட்டை எழுதி முடித்ததும் வீட்டில் எழுபது தாண்டிய யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கொலைகாரியைக் கண்டுபிடிக்கிறார்களா என்பது முக்கியம் இல்லை. எந்த இடத்தில் "அப்படியெல்லாம் பேசமாட்டாளே" என்கிறார்களோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். தயாரிப்பாளருக்கு முழு ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டாம். இரண்டு பக்கச் சுருக்கம், முதல் பத்து நிமிஷத்துக் காட்சிகள், அந்தப் பல்லாங்குழி சீன். பதிமூன்று சோழி எதற்கு என்று சுருக்கத்தில் எழுதாதீர்கள். போன் செய்து கேட்கட்டும்.